பட்டிப் பலகை

ஆட்டுப்பட்டி வாசலில் ஒரு பலகை தொங்கியது. உள்ளே எத்தனை ஆடுகள் என்று அதில் சாக்கட்டியால் எழுதியிருக்கும். கழுத்துமணி ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனி. பலகை மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

செவலை என்ற ஆடு காய்ச்சலில் செத்த மறுநாள், அவளுடைய தங்கை மயிலை பலகையிடம் வந்தாள்.

"பன்னிரண்டு பதினொன்றாகிவிட்டதே, குறைந்தது யார் என்று தெரியுமா?"

"தெரியாதம்மா. பேரும் நிறமும் அவரவரோடு இருப்பது. என்னிடம் எண்ணிக்கை மட்டும்தான்."

"இடது காது மடிந்திருக்கும். அதையாவது எழுதி வைத்துக்கொள்ளேன்."

"அது அவளோடு போய்விட்டது."

சாயங்காலம் சந்தையிலிருந்து புது ஆடு வந்தது. பலகையில் மறுபடியும் பன்னிரண்டு என்று எழுதினார்கள். மற்ற ஆடுகள் தழை தின்றன. மயிலை அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினாள். புது ஆடு தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் வந்து நின்றது.