திருப்பாத பக்கம்

இரண்டு வயலின்காரர்கள் ஒரே இசைக்குறிப்பு ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும்போது, உள்பக்கம் இருப்பவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். இத்தனை வருடமும் ஜெபராஜுக்குத் திருப்பியவள் அவன் மனைவி செலின். இன்றைய கச்சேரியோடு பிரிந்துவிடுவது என்று காரில் வரும்போதே பேசி முடித்திருந்தார்கள். அவள் துணிப்பெட்டி டிக்கியில் இருந்தது. கச்சேரியின் கடைசி உருப்படியான பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய நடன இசையில் கடைசித் தாளைத் திருப்பவேண்டிய இடம் வந்தது. அவள் கை எழவில்லை. “திருப்பு செலின்” என்றான் உதடசையாமல். “நீங்களே திருப்புங்க.” அவன் அதே பக்கத்தின் முதல் வரிக்குப் போனான். அவளும் கூடவே போனாள். பின்னால் வயோலா, செல்லோ வாத்தியங்களும் ஏனென்று கேட்காமல் வந்து சேர்ந்துகொண்டன. பக்கம் முடிந்தது, மறுபடி முதல் வரி. முன்வரிசை நாற்காலியில் கால்கள் அந்தரத்தில் தொங்கத் தூங்கிப்போன சிறுமி கண்விழித்தாள். கவுன் அவளுக்குச் சிறிதாகிப்போயிருந்தது; பாதங்கள் தரையில் பதிந்திருந்தன.