நேராக அந்தத் தேதிக்கு

"இந்த ஃபைல் திறக்குது, ஆனா திறக்க மாட்டேங்குது!" என்றபடி லேப்டாப்பை புரோகிராமரின் மேஜையில் வைத்தாள் அவள். "ரெண்டு கடையில குடுத்துப் பார்த்தாச்சு. கையை விரிச்சுட்டாங்க."

ஆபீஸில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவன் ஃபைலின் அளவைப் பார்த்து மலைத்துப்போனான்.

"இவ்வளவு பெருசா? உள்ளே என்ன?"

"புருஷன் பொண்டாட்டி சாட். முதல் நாள்லேருந்து எல்லாம் ஒரே ஃபைல். போன வாய்தாவுல வக்கீல் ஒரு தேதியைத் தேடினார். சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஜட்ஜ் கடுப்பாயிட்டார். நாளைக்கும் ஆதாரம் காட்டலேன்னா விவாகரத்து மனு தள்ளுபடியாம்."

"ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேருந்து படிச்சுட்டு வருது. பாவம், அது என்ன பண்ணும்? ஒரு இண்டெக்ஸ் போட்டா போதும். ஒரே தடவை முழுசா ஓடி, எந்தத் தேதி எந்த இடத்துல ஆரம்பிக்குதுன்னு குறிச்சு வச்சுக்கும். அப்புறம் நேரா அங்கே குதிச்சு, அந்த நாளை மட்டும் படிக்கும்."

"நடுவுல இருக்கிறதெல்லாம்?"

"தொடவே தொடாது."

"அதான் வேணும்" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் தட்ட ஆரம்பித்தான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்குப் பசிகூடத் தெரியாது. ஆபீஸே அதைச் சொல்லிக் கேலி செய்யும்.

"சோதிக்க ஒரு தேதி?"

குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளைச் சொன்னாள். திரையில் வந்து நின்றது: 'சாப்பிட்டியா? நீ சாப்பிடாம நான் சாப்பிட மாட்டேன்.'

அவள் பதறினாள். "ஐயோ, இது கல்யாணத்துக்கு முன்னாடி! இதை ஜட்ஜ் பார்த்தா என் கேஸ் கந்தல்!"

"தப்பு என்னோடது. ஃபைல்ல இடத்தை பைட் கணக்குலதான் எண்ணணும், நான் எழுத்தை எண்ணிட்டேன். தமிழ்ல ஒரு எழுத்துக்கே மூணு, ஆறுன்னு பைட் போகும். அதான் ரொம்ப முன்னாடியே நின்னுடுச்சு."

திருத்தினான். அதே தேதி. இந்த முறை கண் இமைப்பதற்குள் வந்தது: 'மீட்டிங்ல இருக்கேன். நீயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.'

"சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு."

இன்னும் சில தேதிகளைப் போட்டுப் பார்த்தார்கள். வேலை, மீட்டிங், வர லேட்டாகும். அவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தான். போகப் போகக் குரல் இறங்கிவிட்டது.

சாப்பிடப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "யார் செஞ்சு குடுத்தாங்கன்னு வக்கீல் கேட்பார்."

"எதிர்மனுதாரர்தான்னு சொல்லு" என்றான் அவள் புருஷன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணமானதிலேருந்து நீங்க என் பக்கத்துல முழுசா ஒரு மணி நேரம் உட்கார்ந்தது இன்னிக்குத்தான்."