மூக்கில் ஏறிய கனம்

"இதோ மாட்டிக்கிச்சு! கனம் எங்கேர்ந்து வருதுன்னு இப்ப தெரியுதா?"

ஆர்லன் டிரெய்லருக்குள்ளிருந்து இரும்புத் தையல் மெஷினைத் தூக்கிவந்து கடை முற்றத்துச் சரளைக்கல்லில் வைத்தார். வைத்த கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். குளிர்காலத்தில் பனி தள்ளியபோது பிடித்துக்கொண்டதாம். மே மாதம் வந்தும் இடுப்பில் கட்டிய பட்டையைக் கழற்றவில்லை.

அவர் மனைவி வெர்னாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆரிகனில் இருக்கும் மகளுக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை, டிரெய்லரை இழுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிற வழியில் தங்குகிற இடங்களில் தைத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். மெஷின் இங்கே மொன்டானாவிலேயே நின்றுவிட்டால் போர்வையும் பாதியில் நின்றுவிடும்.

கடைக்காரி டோரீன் டிரெய்லரின் மூக்குக்கு அடியில் தராசை வைத்திருந்தாள். அந்த மூக்குதான் இழுத்துப்போகும் பிக்கப் வண்டியின் வாலில் வந்து உட்காரும். வால் தாழ்ந்து முன்சக்கரம் தரையில் பாவாமல் போகாதபடி, அந்தக் கனத்தை முன்னும் பின்னும் பகிர்ந்துகொடுக்கிற ஹிட்ச் என்னும் இணைப்புக் கொக்கி ஒன்று வாங்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

"ஆயிரத்து நூத்தி இருபது இருந்துச்சு. இப்ப ஆயிரத்து எண்பத்தஞ்சு பவுண்டு" என்றாள் டோரீன். "உங்க பிக்கப் தாங்குறது ஆயிரம்தான் பெரியவரே. எந்த ஹிட்ச் போட்டாலும் அதுக்கு மேல ஏத்தக்கூடாது."

"டிரெய்லரோட வந்த புத்தகத்துல ஐந்நூத்தி அறுபதுன்னுதானே போட்டிருக்கு?"

"அது காலி வண்டிக்கு. நீங்க காலியா போயி வெறுந்தரையிலயா படுக்கப்போறீங்க?"

ஆர்லன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். முப்பது வருஷம் நிலம் அளந்தவர். அளக்காமல் காபியில் சர்க்கரைகூடப் போடமாட்டார்.

"அது மூணாவது நோட்டு, டோரீன்" என்றாள் வெர்னா. "என்னைக் கட்டிக்கலாமான்னு இந்த மனுஷன் யோசிச்சது மூணே வாரம். இந்த இரும்புக்கு மூணு மாசமா யோசிக்கிறாரு."

"கல்யாணத்துல தப்பு பண்ணா வீட்டுக்குள்ளதான் தகராறு. ஹிட்ச்ல தப்பு பண்ணா நடுமலையில தகராறு."

டோரீன் சிரித்துக்கொண்டே கடையில் இருந்த மூன்று வகையையும் காட்டினாள். முதலாவது சங்கிலி வைத்தது. ஆர்லன் உதட்டைப் பிதுக்கினார்.

"குளிர்ல விரல் விறைச்சா மாட்டவே முடியாதாம்."

"அப்போ இந்தப் பட்டைக் கம்பி?"

"திரும்பும்போதெல்லாம் பன்னி மாதிரி கத்துமாம்."

"இது ரெண்டும் இல்லாம ஸ்பிரிங் வச்சது. நல்லாப் போகுது."

"போகும், போகும். ஆனா அட்டைப்பெட்டியில கைப்பிடிக்கு ஒரு ஓட்டைகூடக் கிடையாது. குனிஞ்சு தூக்குனா இடுப்பு காலி."

"பெட்டி வரைக்குமா தெரிஞ்சு வச்சிருக்கீங்க?" என்று டோரீன் வியந்தாள்.

"எல்லாம் படிக்கிறதுதாம்மா."

வெர்னா பெருமூச்சு விட்டாள். படிப்பு வேண்டியதுதான். ஆனால் அந்தப் படிப்பு அவள் மெஷினைத் தெருவில் வைத்துவிட்டதே!

"சரி, இன்னும் எண்பத்தஞ்சு குறையணும்" என்றார் ஆர்லன் கறாராக. "வெர்னா, உன் இரும்புச் சட்டி ரெண்டு, அப்புறம் பீச் பழம் போட்ட பாட்டில் எல்லாம் வெளிய வரட்டும்."

எல்லாம் வந்தன. இஸ்திரிப்பெட்டி வந்தது. குழந்தைக்காக வாங்கிய மரத்தொட்டில்கூட வெளியே வந்தது. டோரீன் மறுபடி தராசைப் பார்த்தாள்.

"ஆயிரத்து நாப்பது."

"இனி என்னைத்தான் இறக்கி வைக்கணும்" என்றாள் வெர்னா. "நீங்களும் உங்க நோட்டுமா போயி பேரப்பிள்ளையைப் பாருங்க."

டோரீன் சிரிக்கவில்லை. டிரெய்லரைச் சுற்றி வந்து, மூக்கை ஒட்டியிருந்த சாமான் அறையின் கதவை விரலால் தட்டினாள். உள்ளே காலியான சத்தமே இல்லை.

"கனம் இங்கதான் உட்கார்ந்திருக்கு. உள்ள என்ன வெர்னாம்மா?"

"எனக்குத் தெரியாதும்மா. அது அவரோட அறை. என்னை அந்தப் பக்கமே விடமாட்டாரு."

"சங்கிலி, ஜாக்கி, சின்னச் சின்னச் சாமான்" என்றார் ஆர்லன் அவசரமாக. "மணி பன்னெண்டு ஆச்சே. சாப்பிட்டுட்டு வந்து பார்க்கலாமா?"

"சாவியக் குடுங்க பெரியவரே."

"சாவி... வீட்டுல விட்டுட்டேன் போல."

"கழுத்துல தொங்குறது என்னவாம்?" என்றாள் வெர்னா.

ஆர்லன் தொப்பியைக் கழற்றினார். வழுக்கையைத் துடைத்தார். பிறகு தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, சாவியை மெதுவாக நீட்டினார்.

டோரீன் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

"வெர்னாம்மா, முதல்ல உங்க மெஷினை எடுத்து உள்ள வைங்க. சட்டி, பாட்டில், தொட்டில் எல்லாத்தையும் வைங்க. போர்வை தப்பிச்சுது."

பிறகு, பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்ற ஆர்லன் பக்கம் திரும்பினாள்.

"மூணு ஹிட்ச் பெட்டிகூடப் பிரிக்காம உள்ள படுத்துக் கிடக்கே பெரியவரே, நாலாவது எதுக்கு?"