பச்சை டிக்கெட்

"அந்தப் பக்கம் எங்கே போறே? வாசல் இங்கே இருக்கு!"

பேருந்தை விட்டு இறங்கியதும் குளத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய மனைவியைக் கண்டக்டர் கைதட்டி அழைத்தார். பணி ஓய்வு பெற்று ஏழாண்டுகள் கடந்தும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அவர் இன்னமும் கண்டக்டர்தான். வழி தவறுவோரைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

"நாப்பது வருஷம் என்கூட குடித்தனம் பண்ணியும் உனக்குத் திசை மட்டும் பிடிபடல."

"பழக்க தோஷம்," என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பி வந்தாள்.

அன்று அவ்விருவரின் நாற்பதாவது திருமண நாள். கல்யாணமான மறுவாரம் ஜோடியாகச் சென்ற அதே தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம் என்று இருவரையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள், வக்கீலாகத் தொழில் புரியும் மகள்.

"இந்தப் பூங்காவுக்குள்ள நான் முதல்முதலா காலெடுத்து வச்சதே உங்கம்மாவோடதான்" என்பது கண்டக்டர் ஆண்டு தவறாமல் எடுத்துவிடும் வசனம். அந்த ஒற்றை வசனத்தின் தயவால், மனைவியின் பிறந்த நாள்களில் அவர் மறந்துபோனவை அத்தனையும் மன்னிக்கப்பட்டிருந்தன.

"மூணு பேருக்கு முந்நூறு ரூபா," என்றாள் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"முந்நூறா? செடியைப் பாத்துட்டு வரவா, வேரோட எடுத்துட்டு வரவா?"

"செடியைத் தொட்டாலே ஐந்நூறு அபராதம் சார்."

கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்த ஆண்டில், எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு, என்ன கட்டணம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் ஒப்பிக்கக்கூடியவர் அவர். முப்பத்தாறு ஆண்டுகள் டிக்கெட் கிழித்த கையல்லவா?

"நான் முதல்ல வந்தப்போ என்ன விலை தெரியுமாம்மா? ரெண்டு பேருக்கும் சேத்து ஒத்த ரூபா! பச்சைக் கலர் டிக்கெட். ரெண்டையும் கசங்காம சட்டைப் பையில வச்சிருந்தேன்."

"அப்படியா சார்! பழைய டிக்கெட்டையெல்லாம் உள்ளே கண்ணாடிப் பெட்டியில வரிசையா வச்சிருக்கோம். போய்ப் பாருங்க, உங்க பச்சையும் இருக்கும்."

அதைக் கேட்டு முதலில் உள்ளே விரைந்தவர் கண்டக்டரேதான். நுழைவாயிலை அடுத்த கூடத்தில் இருந்தது அந்தப் பெட்டி. ஒவ்வொரு டிக்கெட்டின் கீழும் அதன் விலையும் அது வழங்கப்பட்ட ஆண்டுகளும் குறிக்கப்பட்டிருந்தன. மகள் விரல் வைத்து வாசித்தாள்.

"மஞ்சள், இருபத்தஞ்சு காசு. அப்போ வாசல் குளத்துப் பக்கம் இருந்துதாம். அடுத்தது பச்சை, அம்பது காசு. வாசல் இந்தப் பக்கம் வந்தாச்சு. அதுக்கடுத்து ரோஸ் கலர், ஒரு ரூபா..."

விரல் நின்றது. பின்னோக்கி நகர்ந்து பச்சையின் மேல் அமர்ந்தது. மகளின் புருவங்கள் நீதிமன்றத்தில் உயர்வது போல உயர்ந்தன.

"அப்பா, பச்சை டிக்கெட்டை உங்க கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டாங்க."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"கல்யாணம் நடந்த வருஷம் ரோஸ் கலர். ரெண்டு பேருன்னா ரெண்டு ரூபா."

"மிச்சம் கிடந்த பழைய டிக்கெட்டை என் தலையில கட்டியிருப்பான்."

"பழைய விலைக்கேவா?"

"வயசாச்சும்மா. ஞாபகம் முன்ன மாதிரி இல்ல."

"இப்பதானே கவுன்ட்டர்ல கலர் வரைக்கும் சொன்னீங்க? சரி, ஒரே ஒரு கேள்வி. அந்த ரெண்டாவது பச்சை டிக்கெட் யாருக்குப்பா?"

கண்டக்டர் அருகிலிருந்த தொட்டிச் செடியின் பெயர்ப்பலகையை மிகுந்த அக்கறையுடன் படிக்கலானார். நெற்றியில் வியர்வை அரும்பியது. நாற்பதாண்டுக் காலம் கட்டிக் காத்த வசனம் ஐம்பது காசில் கவிழ்ந்துவிட்டது. இனிமேல் எதைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது?

மனைவியோ பெட்டிக்குள் இருந்த டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமணத்துக்கு முன்பு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். பிறருடைய பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டுத் தான் மௌனம் காத்துப் பழகியவள்.

"எங்க டிப்போ டைப்பிஸ்ட்," என்றார் இறுதியில், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைப் போல. "ஒரே ஒரு தடவைதான். அதுவும் கள்ளிச்செடி வரைக்குந்தான் போனோம். முள்ளு குத்திடுச்சுன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவதான், அப்புறம் பேசவே இல்ல."

"அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் மகள்.

அவர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். "உன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீதான் முதல்னு இத்தனை வருஷம் கதை விட்டது தப்புதான். என்ன தண்டனை வேணும்னாலும் குடு."

அவள் தண்டனை எதையும் அறிவிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, கண்ணாடிப் பெட்டியின் இடக்கோடியில் படிந்திருந்த தூசியைப் பொறுமையாகத் துடைத்தாள். குனிந்து ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"அப்பாவை விட்டுடு, பாவம்," என்றாள் மகளிடம். "என்னைக் கூட்டிட்டு வந்தவர் எடுத்தது மஞ்சள் டிக்கெட்."