எண்பதாம் வாசல்

"எந்திரியும் வே! இன்னைக்கு எண்பது எனக்கு!"

மூச்சிரைக்கக் கம்ப்யூட்டர் அறைக்குள் ஓடிவந்தார் வேதியியல் துறைத் தலைவர் குற்றாலலிங்கம். தலையிலிருந்து ஆற்றுத் தண்ணீர் சொட்டியது. நாற்காலியில் இயற்பியல் துறைத் தலைவர் சுப்பராமன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்டு வே. ஆழ்வார்குறிச்சியில முத பஸ்ஸைப் பிடிச்சு வந்து என் சர்வரை ஏத்திட்டேன். நீரு குறுக்குத்துறையில முங்கி முங்கிக் குளிச்சிட்டுப் பைய வாரும். யாரு வேண்டாங்கா?"

குற்றாலலிங்கம், ஓரமாக நின்ற தனலட்சுமியிடம் திரும்பினார். கல்லூரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை அவளுக்கு. ஜூன் மாதம் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் வேலை.

"ஏம்மா, என் சர்வரையும் ஏத்திப் பாரு."

தட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வேதியியல் எழும்பவில்லை.

1999-இல் அந்தக் கல்லூரிக்கு நல்ல மெஷின் என்று இருந்ததே ஒன்றுதான். துறையின் இணையப் பக்கத்தைக் கேட்பவருக்கு எடுத்துக்கொடுக்கும் புரோகிராம்தான் வெப் சர்வர்; இரண்டு துறைகளுக்கும் தனித்தனி சர்வர் அந்த ஒன்றுக்குள்தான். ஒரு மெஷினுக்கு எண் போட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, போர்ட் என்பார்கள். வெறும் முகவரியை அடித்தால் பிரவுசர் நேராகப் போய்த் தட்டுவது எண்பதாம் வாசலை. ஒரு வாசலில் ஒரு சர்வர்தான் உட்காரலாம். சாயங்காலம் மெஷினை அணைத்துவிடுவார்கள். காலையில் முதலில் ஏற்றுகிறவருக்கு எண்பது.

"சார், உங்களுக்கு எட்டாயிரத்து எண்பது போட்டுத் தரட்டுமா? முகவரிக்குப் பின்னால அந்த நம்பரையும் சேர்த்து அடிச்சாப் போதும்," என்றாள் தனலட்சுமி.

"பின்னால சேர்க்கணுமா? அவரு முன்வாசல்ல உக்காருவாரு, என்னைப் பாக்க வாறவன் கொல்லைப்புறமா வரணுமாக்கும்! சர்வீஸ்ல நான் அவருக்கு மூத்தவன், தெரியுமா?"

"வயசுலயும் மூத்தவருதாம்மா. வீட்டுல படுத்து ஓய்வெடுக்கச் சொல்லு," என்றார் சுப்பராமன்.

இத்தனைக்கும் இயற்பியலின் இணையப் பக்கத்தில் இருந்தது சுப்பராமனின் புகைப்படமும் அவர் வாங்கிய பட்டங்களும்தான். வேதியியல் பக்கத்தில் குற்றாலலிங்கம். பட்டம் ஒன்று குறைவு, புகைப்படம் ஒன்று அதிகம்.

முன்பெல்லாம் சுப்பராமனின் ரயில் தினமும் தாமதமாக வரும். சரியான நேரத்துக்கு வந்த நாட்களிலும் அவர் சொல்லும் கணக்கில் தாமதமாகத்தான் வரும். குற்றாலலிங்கத்துக்குக் குளியல், பூஜை, பலகாரம் எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லூரி ஞாபகமே வரும். இப்போதோ வாட்ச்மேன் காஜா முகைதீன் கேட்டைத் திறக்கும்போதே இருவரில் ஒருவர் வெளியே நிற்பார். எண்பதைப் பிடித்தவர், மற்றவர் மெஷினை அணைத்துவிடாமல் காவல் இருப்பார். பிடிக்காதவர், எப்போது அணைக்கலாம் என்று காவல் இருப்பார். மணி அடித்தால் இருவரும் சேர்ந்துதான் வகுப்புக்குக் கிளம்புவார்கள்.

அன்றைக்குக் குற்றாலலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தவர், அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்! என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. காலையில ஒண்ணும் சாப்பிடல... லேசாத் தல சுத்துது."

சுப்பராமனே பதறி எழுந்து தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை நீட்டினார். நாற்காலியை விட்டு எழுந்ததும் ஞாபகம் வந்து, ஒரு கையை மட்டும் கீபோர்டின்மேல் வைத்துக்கொண்டார்.

தனலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது.

இட்லி உள்ளே போனதும் குற்றாலலிங்கத்துக்குத் தெம்பு வந்தது. நேராக முதல்வர் ஹபீப் முகம்மதின் அறைக்குப் போனார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சுப்பராமனும் போனார். தனலட்சுமியையும் கூப்பிட்டார்கள்.

முதல்வர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"என்னம்மா இது? ரெண்டு மாசமாச்சு! ஒரு மெஷின்ல ரெண்டு சர்வர் சண்டை போடாம ஓட வழி தெரியலன்னா நீ என்னத்துக்கு இங்கன இருக்கே? துறைத் தலைவர்களுக்கு நீ குடுக்குத மரியாதை இதுதானா? ஜூன்ல கையெழுத்துக் கேட்டு எங்கிட்ட வந்து நிக்காத!"

அவள் தலை குனிந்து நின்றாள். பேராசிரியர்கள் இருவருக்குமே சங்கடமாகிவிட்டது.

"சின்னப் பிள்ள சார், விட்டிருங்க," என்றார் சுப்பராமன்.

"படிச்ச படிப்பு அம்புட்டுத்தான். அது என்ன செய்யும், பாவம்," என்றார் குற்றாலலிங்கம். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மணி அடித்தது. இருவரும் வகுப்புக்கு விரைந்தார்கள்.

"நீ இரு," என்றார் முதல்வர்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், இதுக்கு மேல என்னால முடியாது. பெரியவரு இன்னைக்கு விழப் பாத்தாரு. வாசல்ல பொதுவா ஒரே சர்வரை உக்கார வச்சு, துறைக்கு ஒரு பேரு குடுத்து, வாற ஆளு எந்தப் பேரைக் கேக்குதாருன்னு பாத்துப் பிரிச்சுவிட்டா, ரெண்டு பேரும் அதே எண்பதுல சண்டையில்லாம இருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. முத நாளே உங்ககிட்ட சொன்னேன், நீங்கதான் தொடக்கூடாதுன்னீங்க."

முதல்வர் அவளுடைய அடுத்த வருட உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"எத்தனை மெமோ குடுத்தும் நேரத்துக்கு வராத மனுஷங்கம்மா, இப்பம் மணி அடிக்கதுக்கு முன்னால வந்து நிக்காங்க. காலைச் சாப்பாட்டுக்குக் கேன்டீன்ல நான் ஏற்பாடு பண்ணுதேன். நீ ஒண்ணு செய்யி, தாவரவியல் தலைவரு பதினோரு மணிக்குத்தான் வாராரு... நாளைக்கு அவருக்கும் ஒரு சர்வர் போட்டு, அதே எண்பதுல விட்டிரு."