கிழித்துப் போட்ட சீட்

குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்த சின்னுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே கிடந்தது அண்ணன் வீட்டு பூஸ்டர் சீட். காரில் சின்னப் பிள்ளைகளை உயரமாக உட்கார வைத்து, பெல்ட் சரியாகப் படிய வைக்கிற சீட். வாங்கி ரொம்ப நாள்கூட ஆகவில்லை. அதன் உறையை யாரோ கத்தரிக்கோலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! அண்ணிதான். வேற யாருக்கு அந்த மனசு வரும்?

போன வாரம்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"அண்ணி, உங்க வாலுவுக்குத்தான் புது சீட் வாங்கிட்டீங்களே, பழசை எங்க மொட்டுவுக்குக் கொடுங்களேன். அவ சீட் அவளுக்குப் பத்தல, தோள் இடிக்குது."

"அது வேண்டாம் சின்னு. கொஞ்சம் பொறு, பார்க்கலாம்."

பார்த்த லட்சணம் இதுதான். தானும் படுக்காது, தள்ளியும் படுக்காது!

சின்னு தையல்கடை வைத்திருக்கிறவள். கிழிசலைக் கண்டு அசருகிற ஆளா? சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கடையில் மிச்சமிருந்த நீல வெல்வெட்டில் புது உறை தைத்து மாட்டிவிட்டாள்.

"ஐ! ராணி நாற்காலி!" என்று குதித்தாள் மொட்டு.

மறுநாள் காலை பயணம். வெளியூரில் வேலை பார்க்கும் மொட்டுவின் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். அண்ணன் குடும்பமும் கூட வருகிறது. காரும் அண்ணனுடையது.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அண்ணி உள்பட பாதி ஊருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். போன மாதம் தெருவோரம் நிறுத்தியிருந்த காரை எவனோ இடித்துவிட்டானாம். முன்பக்கம் முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. "ஓட்டத் தெரியாதவன் எல்லாம் ரோட்டுக்கு வந்தா இப்படித்தான்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் புலம்பினார்.

கார் வந்து நின்றது. பின்னால் வாலு தன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். சின்னு நீல சீட்டை அவன் பக்கத்தில் வைத்து மொட்டுவை ஏற்றினாள். அண்ணி கண்ணில் படட்டும் என்றே வெல்வெட்டை ஒரு தடவை தடவியும் விட்டாள்.

டிக்கியைத் திறந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மொட்டு, இறங்கு! இறங்குடி கண்ணு!"

குழந்தையை இறக்கிவிட்டு, சீட்டை வெளியே இழுத்து, உறையை டர்ரென்று பிய்த்தாள்.

"என்ன அண்ணி இது அநியாயம்! விரல்ல ஊசி குத்தக் குத்தத் தைச்சிருக்கேன். குப்பைக்குப் போனாலும் போகலாம், என் பொண்ணுக்குப் போகக் கூடாது, அப்படித்தானே? மனசா அது, கல்லா?"

மொட்டு அழ ஆரம்பித்தாள். அண்ணி சீட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பக்க பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது.

"துணி கிழிஞ்சா நீ தைப்பே. இதை எதை வெச்சுத் தைப்பே?"

சின்னு விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. காலாவதியான மாத்திரை அட்டையைக்கூட நறுக்காமப் போட மாட்டேன். எவனாவது எடுத்துச் சாப்பிட்டுட்டா? அந்தப் பயத்துலதான் இதையும் கிழிச்சேன். அதை எடுத்துத் தைக்க வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும்னு நினைக்கல."

"உடைஞ்ச சீட்டுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"எப்படி உடைஞ்சதுன்னு நீ கேட்பியே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் அண்ணி. குனிந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே புத்தம் புது பூஸ்டர் சீட். "பொறுன்னு சொன்னது இதுக்குத்தான். நேத்துதான் வந்துச்சு" என்று முணுமுணுத்தபடி அதைக் காரில் வைத்து மொட்டுவை உட்கார வைத்தாள். இடுப்புப் பட்டையை வயிற்றிலிருந்து இறக்கித் தொடையோடு படிய வைத்தாள். தோள் பட்டை கழுத்தில் உரசுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள்.

சின்னு அசையவில்லை. "எப்படி அண்ணி உடைஞ்சது?"

அண்ணி மொட்டுவின் பட்டையை மறுபடியும் சரிசெய்தாள். ஸ்டீயரிங் முன்னாலிருந்து அண்ணன் மெதுவாக இறங்கி வந்தார். பாதி ஊருக்குப் பாடம் நடத்துகிற குரல் அன்றைக்குக் கம்மிப் போயிருந்தது.

"அவளைக் கேட்காதே, நான் சொல்றேன். நிறுத்தியிருந்த காரை எவனும் இடிக்கல சின்னு. ஓட்டிட்டே போனைப் பார்த்தேன். முன்னால நின்ன லாரி கண்ணுக்குத் தெரியல. வாலு அந்த சீட்லதான் இருந்தான், ஒரு கீறல் இல்லாம இறங்கினான். ஒரு இடி வாங்கின சீட் அடுத்த இடியைத் தாங்காதுன்னு இவதான் தூக்கிப் போட்டா. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும், சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன். கஞ்சப்பிசினாரின்னு உன்கிட்ட பேர் வாங்கினாலும் என்னைக் காட்டிக்கொடுக்கல."

சின்னு வாலுவைப் பார்த்தாள். அவன் மொட்டுவுக்கு நாக்கைத் துருத்திக் காட்ட, அவள் அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் முழுசாக இருந்தன. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது சின்னுவுக்கு. அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சரி சரி, அதான் எல்லாரும் நல்லா இருக்கோமே. நேரமாச்சு, ஏறு" என்றாள் அண்ணி.

சின்னு ஏறவில்லை. அண்ணன் முன்னால் கையை நீட்டினாள்.

"சாவியை அண்ணிகிட்ட கொடுண்ணா. போனை என்கிட்ட கொடு."