ஏற்கெனவே உள்ளே

கூட்ட அறை வாசலில் தொழில்நுட்பத் தலைவர் மூன்றாவது முறையாக அட்டையைக் காட்டுகிறார். சிவப்பு விளக்கு. 'நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்' என்கிறது கதவோரத்துச் சின்னத் திரை. பிற்பகல் வெயில் கண்ணாடிச் சுவரில் சாய்ந்து விழ, அவருடைய முகம் அதில் மங்கலாகத் தெரிகிறது. அதைத் தாண்டி, உள்ளே பெரிய திரையிலும் அதே முகம். நாளுக்கு எட்டுக் கூட்டம் என்று அலுத்துப்போய், தன் பேச்சையும் முகத்தையும் கணினிக்குப் பழக்கி அவரே உருவாக்கிய நகல். வருகைப் பதிவையும் ஓட்டுரிமையையும் போன மாதம் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று மட்டும் நேரில் ஓடி வந்திருக்கிறார். தொழில்நுட்பத் தலைவர் நாற்காலிக்கு இனி ஒரு மனிதர் தேவையா என்பதுதான் இன்றைய பேச்சு.

"என்ன சார், உள்ளயும் நீங்க, வெளியவும் நீங்க! ரெட்டைச் சம்பளமா?" காவலாளி சிரிக்கிறார்.

"விளையாடாதீங்கண்ணே. கதவைத் திறங்க."

"என் கையில என்ன சார் இருக்கு? ஒரே ஆளு ரெண்டு தடவை உள்ள போகக்கூடாதுன்னு நீங்கதானே மாத்தி வச்சீங்க?"

அவர் கண்ணாடிச் சுவரைத் தட்டுகிறார். சத்தம் புகாத சுவர். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. உள்ளே நிறுவனத் தலைவியம்மா திரையைப் பார்த்து ஏதோ கேட்கிறார். யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வெளியே நிற்கும் இவருடைய வழக்கம். அதை நகலுக்குச் சொல்லிக் கொடுத்த ஞாபகமே இல்லை. திரையிலிருக்கும் முகம் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறது. மூச்சே இல்லாத வாயால் ஊதி ஊதி, நிதானமாகத் துடைக்கிறது.